பன்னிரண்டு என்றால் எத்தனை அங்குலம்?

அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட விற்பனைப் பட்டியலில், 14 என்று எண் போட்ட கவுனின் மார்பளவு 32 அங்குலம். 1967-இல் அதே 32 அங்குலத்துக்கு எண் 8. 2011-இல் அது பூஜ்யம். அங்குலம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் ஒட்டிய எண் மட்டும் எழுபது சொச்சம் ஆண்டுகளில் பதினான்கிலிருந்து சைபருக்கு இறங்கிவிட்டது. விண்டேஜ் உடையை இணையத்தில் தேடுகிறவர்கள் முதலில் தட்டுவது இந்த எண்ணைத்தான். ‘12’ என்று வடிகட்டினால் 1955-இன் பன்னிரண்டும் 1995-இன் பன்னிரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்று மார்பில் ஏறாது, மற்றது தோளில் தொங்கும். லேபிளில் உள்ள எண் ஒரு பெயர்தான், அளவு அல்ல என்பதிலிருந்து இந்த அத்தியாயம் தொடங்குகிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். எண்ணை விட்டுவிட்டு உடம்பை அளந்து, விற்பவர் தரும் மார்பு, இடுப்புச் சுற்றளவோடு ஒப்பிட்டு வாங்குகிறவர்களும் ஏமாந்துபோகிறார்கள். ஒப்பிட வேண்டியது உடையோடு உடையை. அப்படி ஒப்பிடும்போதும் முதலில் பார்க்க வேண்டியவை எந்தத் தையற்காரராலும் பிறகு மாற்றித்தர முடியாத இடங்கள். மார்பும் இடுப்பும் அதற்குப் பின்னால்தான்.

எண் ஏன் இப்படி வழுக்குகிறது என்று தெரிந்துகொண்டால், மாற்று அட்டவணைகளை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். 1939-40இல் அமெரிக்க வேளாண் துறையின் மனையியல் பிரிவுக்காக ரூத் ஓபிரையனும் வில்லியம் ஷெல்டனும் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய 15,000 பெண்களிடம், ஆளுக்கு 59 அளவுகள் எடுக்கப்பட்டன. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்தப் புள்ளிவிவரத்தைத் தரநிலையாக்கும்படி பின்னாளில் அரசிடம் போய் நின்றவர்கள் தபால்வழி விற்பனைக் கம்பெனிகள். இன்றைய இணையக் கடைக்கு இருக்கும் அதே தலைவலிதான் அவர்களுக்கும்: அளவு சரியில்லை என்று திரும்பி வரும் பார்சல்கள். 1958-இல் தரநிலை வெளிவந்தது. அதன்படி 8 என்ற எண்ணுக்கு மார்பு 31 அங்குலம், இடுப்பு 23½ அங்குலம். இன்றைய எட்டாம் எண் கவுனை அணியும் ஒருவர் அந்த எட்டுக்குள் கையைக்கூட நுழைக்க முடியாது. ஆனால் அந்தத் தரநிலை கட்டாயச் சட்டமல்ல, விரும்பியவர் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருந்தது. 1970-இல் திருத்தினார்கள், 1983-இல் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் வாடிக்கையாளர் மனம் குளிரும்படி எண்ணைக் குறைத்துக்கொண்டே போனது.

‘அப்படியானால் காலத்துக்கு ஏற்றபடி எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொண்டால் போயிற்று, அதற்குத்தான் அட்டவணை இருக்கிறதே’ என்று கேட்கலாம். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அட்டவணை செல்லுபடியாக வேண்டுமென்றால், ஒரு காலத்தில் ஓர் எண்ணுக்கு ஒரே அளவு இருந்திருக்க வேண்டும். அது என்றுமே இருந்ததில்லை. ஐம்பதுகளின் அமெரிக்கக் கடையில் பெண்களுக்கான எண் வரிசையே நான்கு உண்டு. 10, 12, 14 என்று இரட்டைப்படையில் போவது ‘மிஸ்ஸஸ்’ வரிசை. 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் வருவது ‘ஜூனியர்’. சிறுமிகளுக்கானது என்று பெயரைப் பார்த்து நினைத்துவிடக் கூடாது, உயரமும் உடற்பகுதியின் நீளமும் குறைந்த வெட்டு அது. 14½, 16½ என்று அரை சேர்த்து வருபவை உயரம் குறைந்து உடல் பூசினாற்போல இருக்கும் பெண்களுக்கானவை. 38, 40 என்று போவது பெரிய உடம்புக்கு. ஆகவே 14-க்கும் 14½-க்கும் நடுவே இருப்பது அரை எண் வித்தியாசம் அல்ல, வேறொரு உடல்வாகு. இதை அறியாமல் அட்டவணை பார்ப்பது, பேருந்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எந்த ஊர்ப் பேருந்து என்று பார்க்காமல் ஏறுவது மாதிரி. கடல் தாண்டினால் இன்னும் சிக்கல்: பிரிட்டனில் 12 என்பதை பிரான்சில் 40 என்பார்கள், ஜெர்மனியில் 38, இத்தாலியில் 44, அமெரிக்காவில் ஏறத்தாழ 8. இதுவும் இன்றைய கணக்குதான். வீட்டில் தைத்த உடைகளில் லேபிளே இருக்காது. அந்தக் கால உடைகளில் நல்ல தையல் உள்ளவற்றுள் கணிசமானவை வீட்டிலோ தெரு முனைத் தையற்காரியிடமோ தைத்தவை என்பதால், எண்ணால் வடிகட்டுகிறவர் அவற்றைக் கண்ணால் காணவே போவதில்லை.

ஆண்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். பேண்ட்டில் 32 என்று போட்டிருந்தால் அது அங்குலம்தானே, அதில் என்ன பொய் சொல்ல முடியும் என்று தோன்றும். 2010-இல் எஸ்குவயர் இதழ் 36 என்று லேபிள் போட்ட பேண்ட்களை நாடா வைத்து அளந்தபோது, ஒரு பேண்ட் 41 அங்குலம் காட்டியது. இன்றைய கடையில் 32 வாங்குகிறவரின் உண்மையான இடுப்பு 34-க்கு மேலும் இருக்கலாம், அவருக்கே அது தெரியாது. பழைய டெனிம் எதிர்ப்பக்கமாகப் பொய் சொல்கிறது. லீவைஸ் 501 போன்ற, முன்கூட்டிச் சுருக்கப்படாத துணியில் தைத்த ஜீன்ஸுக்கு லேபிளில் போட்டது தண்ணீரே படாத நிலையின் அளவு. வாங்கியவர் நனைத்து, சுருங்க வைத்து அணிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் இடுப்பில் ஓர் அங்குலமும் நீளத்தில் மூன்று அங்குலமும் கூட்டி வாங்குவது வழக்கமாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் துவைத்துக் காய்ந்த அந்த ஜீன்ஸின் 32 இப்போது 30-ஆக இருக்கக்கூடும். புது 32 பெரிது, பழைய 32 சிறிது. இரண்டு பொய்களும் எதிரெதிர்த் திசையில் போவதால், நடுவில் சிக்கியவருக்கு நான்கு அங்குலம் பறிபோகிறது. சட்டைக்குக் கழுத்தளவும் கோட்டுக்கு மார்பளவும் இவ்வளவு மோசமாக வழுக்குவதில்லை. கோட்டில் 40-க்குப் பக்கத்தில் வரும் எழுத்து குட்டையா, நடுத்தரமா, நெட்டையா என்று சொல்வதும் உதவி. ஆனால் அவையும் தோள் அகலத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

எண்ணும் வேண்டாம், உடம்பு அளவும் போதாது என்றால் எதை வைத்து வாங்குவது? இந்தக் கேள்விக்கு நம் ஊர்த் தையற்கடையில் பதில் காலங்காலமாக இருக்கிறது. புது பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறவர் துணியோடு ஓர் ‘அளவு பிளவுஸ்’ எடுத்துப் போகிறார். தையற்காரர் அதை மேசைமேல் விரித்து, சுருக்கம் நீவி, இஞ்சு டேப்பை வைத்துக் குறித்துக்கொள்கிறார். போட்டுப் பழகி, கை தூக்கினால் பிடிக்காது, குனிந்தால் ஏறாது என்று உறுதியான ஒரு பிளவுஸ், உடம்பை நேரடியாக அளந்தால் கிடைக்காத ஒரு தகவலைத் தருகிறது: உடம்புக்கும் துணிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை. உடம்பில் மார்பு 34 என்றால் நெய்த துணியில் தைத்த உடைக்குக் குறைந்தது 36 வேண்டும். இடுப்பில் ஓர் அங்குலம், இடுப்பெலும்பின் கீழே அகன்ற பகுதியில் இரண்டு அங்குலம் கூடுதல் என்பது தையற்காரர்களின் பொதுக் கணக்கு. மூச்சு விட, உட்கார, சோறு தின்ன இந்த இடம் வேண்டும். சிலருக்கு இறுக்கமாக இருந்தால்தான் பிடிக்கும், சிலருக்குக் காற்றாட வேண்டும். அந்த விருப்பமும் அளவு உடையில் ஏற்கெனவே தைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இணையத்தில் விண்டேஜ் வாங்க நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் அலமாரியில் நன்றாகப் பொருந்தும் நீளாத துணியாலான சட்டை ஒன்று, கவுனோ குர்த்தாவோ ஒன்று, பேண்ட் ஒன்று, கோட்டு ஒன்று என்று பொறுக்கி எடுத்து, தரையில் விரித்து, அளந்து எழுதி வைத்துக்கொள்வது. நீளும் துணியாலான டீ-ஷர்ட்டும் ஜெகிங்ஸும் இதற்கு உதவா. அவை யாருக்கும் ஒத்துப்போகும் சாட்சிகள்.

விற்பவர்களும் பெரும்பாலும் இப்படி விரித்துத்தான் அளக்கிறார்கள். ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை 18 அங்குலம் என்றால் சுற்றளவு 36. இதை இரட்டிக்க மறந்தவர்களும் ஏற்கெனவே இரட்டித்த எண்ணை மறுபடி இரட்டித்தவர்களும் உண்டு, ஆகவே எது என்று கேட்டுவிடுவது நல்லது. இன்னொரு குழப்பம் இதைவிட மறைவானது: ‘மார்பு 36’ என்று எழுதுகிறவர்களில் சிலர் உடையின் அளவைச் சொல்கிறார்கள், சிலர் 36 அங்குல உடம்புக்குச் சரியாக இருக்கும் என்ற பொருளில் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு அங்குலம். விற்பவரின் கை சுத்தம் எப்படியோ, அவர் அளவு தப்பாக இருந்தால் இந்த முறையே கவிழ்ந்துவிடாதா என்ற ஐயம் வரத்தான் செய்யும். கவிழும். அதிலும் விரித்து அளப்பதில் அரை அங்குலம் பிசகினால் சுற்றளவில் அது ஓர் அங்குலமாகிவிடுகிறது. அதனால்தான் எண்ணைக் கேட்பதைவிட, உடைமேல் நாடாவை வைத்து எடுத்த படத்தைக் கேட்க வேண்டும் என்கிறேன். படத்தில் நாடா தையலில் தொடங்குகிறதா, துணி இழுபட்டிருக்கிறதா, இடுப்பு என்று அவர் அளந்தது உண்மையில் இடுப்புத் தையலையா அதற்கு இரண்டு அங்குலம் கீழேயா என்பதெல்லாம் தெரிந்துவிடும். தவறான அளவைப் படத்தில் பிடிக்கலாம். தவறான எண்ணைப் பிடிக்க வழியே இல்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஐம்பதுகளின் பருத்தி கவுன், இடுப்பில் ஒட்டி, கீழே குடையாக விரிவது. லேபிளில் 14. விரித்த அளவுகள்: மார்பு 18, இடுப்பு 13, தோள் 14½, பின்கழுத்திலிருந்து இடுப்புத் தையல் வரை 15½. வாங்க நினைப்பவரின் உடம்பில் மார்பு 34, இடுப்பு 26½. அவருடைய அளவு உடையில் தோள் 14¼, பின்கழுத்திலிருந்து இடுப்பு 15½. லேபிளை நம்பினால் 14 அவருக்குத் தொளதொளவென்று இருக்கும் என்று தள்ளிவிடுவார். உடம்பளவை மட்டும் பார்த்தால், மார்பு சரி, இடுப்பு 26 என்பதால் அரை அங்குலம் போதாது என்று தள்ளிவிடுவார். அடுத்து 16 என்று ஒரு கவுன் வருகிறது: மார்பு 19, இடுப்பு 14, தோள் 15¾. இதில் எல்லாம் நுழையும், ஆகவே பெரும்பாலோர் இதைத்தான் எடுப்பார்கள். ஆனால் தோளில் ஒன்றரை அங்குலம் கூடுதல். பக்கத்துக்கு முக்கால் அங்குலம் கை வழிந்து நிற்கும், அதைச் சரிசெய்யக் கையைப் பிரித்து, அக்குள் வளைவை மறுபடி வெட்ட வேண்டும். முதல் கவுனிலோ தோளும் உடல் நீளமும் கச்சிதம், இடுப்பில்தான் குறை. உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தால், பக்கத் தையலில் அரை அங்குலத்துக்கு மேல் துணி விட்டிருப்பது தெரிகிறது. ஒரு பக்கத் தையலில் இரண்டு விளிம்பு, இரு பக்கமும் சேர்த்து நான்கு. விளிம்புக்கு அரை அங்குலம்கூட வேண்டாம், எட்டில் மூன்று பங்கு அங்குலம் பிரித்து விட்டாலே மொத்தம் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். இடுப்பு 27½ ஆகிவிடும், மூச்சுவிட ஓர் அங்குலம் மிச்சம். இரண்டில் சிறியது போலத் தெரிந்த கவுன்தான் பொருந்துகிறது.

பெரியதாக வாங்கிப் பிடித்துக்கொள்ளலாமே என்பது விண்டேஜ் வாங்குகிறவர்களிடம் அதிகம் புழங்கும் அறிவுரை. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்து. பாவாடையின் நீளம், பேண்ட்டின் இடுப்பு, கையின் நீளம், கவுனின் பக்கத் தையல் ஆகியவற்றைப் பிடிக்கலாம். எந்த ஆல்டரேஷன் கடையிலும் அரைநாள் வேலை. தோள் அப்படி அல்ல. தோள் பெரிதாக இருந்தால் உடையின் மொத்த எடையும் தப்பான இடத்தில் தொங்குகிறது, கழுத்து பின்னால் சரிகிறது, டாட் பிடித்த இடம் மார்புக்குக் கீழே இறங்குகிறது. கோட்டில் தோளுக்குள் கான்வாஸும் பஞ்சுத் திண்டும் இருப்பதால் அதைப் பிரித்துச் சேர்ப்பது புதுக் கோட்டு தைப்பதற்குச் சமமான கூலி. அக்குள் வளைவும் அப்படித்தான். பழைய உடைகளில், குறிப்பாக எழுபதுகளின் சட்டைகளிலும் கவுன்களிலும், அது உயரமாகவும் சிறியதாகவும் வெட்டப்பட்டிருக்கும். மார்புச் சுற்றளவு தாராளமாக இருந்தும் கை மாட்டியதும் அக்குளில் அறுக்கும். விற்பவர்கள் அளந்து சொல்லாத இடம் இதுதான், மேற்கையின் சுற்றளவும் சேர்த்து. உடல் நீளத்தை எவராலும் கூட்ட முடியாது. இடுப்புத் தையல் விலாவில் ஏறி நின்றால், எத்தனை அங்குலம் பிரித்து விட்டாலும் அது விலாவில்தான் நிற்கும். தோளிலிருந்து கவட்டை வரை ஒரே துண்டாக இருக்கும் ஜம்ப்சூட்டில் இந்தக் குறை உட்காரும்போது தெரியவரும், அதை விவரிக்காமல் விடுவது நாகரிகம்.

ஆண்களின் பழைய பேண்ட்டில் இதற்கு இணையான இடம், கவட்டைத் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் பேண்ட் தொப்புளுக்கு மேலே, உண்மையான இடுப்பில் கட்டப்பட்டது. முன் உயரம் பன்னிரண்டு பதின்மூன்று அங்குலம்கூட இருக்கும். இன்றைய ஜீன்ஸ் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் கீழே, இடுப்பெலும்பின்மேல் நிற்கிறது. ஆகவே இன்றைய ஜீன்ஸின் பட்டி அளவை எடுத்துக்கொண்டு அந்தப் பேண்ட்டின் பட்டி அளவோடு ஒப்பிட்டால், உடம்பின் இரண்டு வெவ்வேறு இடங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். தொப்பை இல்லாதவருக்கு மேலே போகப்போக அளவு குறையும், இருப்பவருக்குக் கூடும். அந்தப் பேண்ட்டைக் கீழே இறக்கி இடுப்பெலும்பில் கட்டிக்கொள்ளலாம் என்றால் கவட்டை முழங்காலை நோக்கி இறங்கிவிடும். அந்த உயரத்தில் நாடாவைச் சுற்றி, உடம்பைப் புதிதாக அளப்பதைத் தவிர வழியில்லை. உடையோடு உடை என்ற விதிக்கு நேர்மையான ஒரு விலக்கு இது.

எந்த அளவு முக்கியம் என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. இருபதுகளின் கவுன் தோளிலிருந்து நேராக இறங்கி இடுப்பெலும்பில் தையல் போடப்பட்டது; அதில் இடுப்பு அளவுக்கு வேலையே இல்லை, கீழ்ப்பகுதிச் சுற்றளவுதான் எல்லாம். முப்பதுகளில் பாரிஸின் மாடலின் வியோனே வழியில் பரவிய குறுக்கு வெட்டுக் கவுன்கள், நம் தையற்காரர்கள் ‘கிராஸ் கட்டிங்’ என்கிறார்களே அதுதான், விரித்து அளந்தால் சிறியதாகக் காட்டி, போட்டதும் உடம்போடு நீளும். தொங்கவிட்டே வைத்திருந்தால் நீளமும் கூடியிருக்கும். அங்கே நாடா ஓரளவுக்குத்தான் பேசும். 1947 பிப்ரவரியில் கிறிஸ்தியன் தியோர் காட்டிய புதுத் தோற்றத்துக்குப் பிறகு பத்தாண்டு முழுவதும் இடுப்பு ஒன்றே ராஜா. ஆனால் அந்த இடுப்பு கர்டில் என்ற இறுக்குப் பட்டைக்குள் அடைத்த இடுப்பு. அன்றைய உள்ளாடை இல்லாமல் அந்தக் கவுனைப் போட்டால் இடுப்பு இறுகும், மார்பின் டாட் முனை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். அறுபதுகளின் நேர்கவுனுக்கு மறுபடி தோளும் கீழ்ப்பகுதியும். எண்பதுகளில் தோள்திண்டைக் கழற்றிவிட்டால் தோள் அளவே வேறு. ஆகவே உடை எந்தக் காலத்தது என்று அறிவது சேகரிப்பாளர்களின் பெருமைக்கு மட்டுமல்ல, எங்கே நாடாவை வைப்பது என்பதற்கும் தேவை.

காலத்தை அறிய லேபிளே உதவுகிறது, எண்ணைத் தவிர மற்றதெல்லாம். அமெரிக்க உடையில் துவைக்கும் முறையைச் சொல்லும் நிரந்தரக் குறிப்பு இருந்தால் அது பெரும்பாலும் 1972-க்குப் பிற்பட்டது. நூலிழை விவரம் சதவீதத்தோடு இருந்தால் 1960-க்குப் பிற்பட்டது. பெண் தையல் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை சிவப்பு, வெள்ளை, நீலத்தில் இருந்தால் 1974-க்கும் 1995-க்கும் இடைப்பட்டது. பிரிட்டிஷ் உடையில் ‘சிசி41’ என்ற முத்திரை 1941 முதல் 1952 வரை நீடித்த பங்கீட்டுக் கால ஏற்பாட்டின் அடையாளம். துணியை மிச்சம் பிடித்துத் தைத்தவை என்பதால் அதில் பிரித்து விட அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. உலோகப் பல் ஜிப் பொதுவாக அறுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்தையது. அது எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நாற்பதுகளின் கவுன்களில் இடது பக்கத் தையலில், அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பைத் தாண்டி முடியும். மேலும் கீழும் மூடியே இருக்கும். அதைத் தலைவழியாகத்தான் போட வேண்டும், ஆகவே ஜிப் திறந்த நிலையில் அந்த இடுப்புக்குள் உங்கள் தோளும் மார்பும் நுழைந்து வெளியே வர வேண்டும். போட்டுவிட்டால் பொருந்தும், ஆனால் போடவே முடியாது என்ற விசித்திரமான நிலை இதனால் வருகிறது. மார்பு பெரிதாகவும் இடுப்பு சிறிதாகவும் உள்ளவர்கள் ஜிப் திறந்த நிலையில் இடுப்பளவு என்ன என்று தனியாகக் கேட்க வேண்டும்.

துணியின் குணத்தையும் அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். லைக்ரா 1958-இல்தான் டூபாண்ட் நிறுவனத்தில் பிறந்தது, அன்றாட உடைகளுக்குள் அது நுழைய மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய நெய்த உடையில் ‘கொஞ்சம் நீளும்’ என்ற பேச்சே இல்லை. கால் அங்குலம் போதாவிட்டாலும் போதாததுதான். ரேயான் கிரேப் தண்ணீர் பட்டால் கையளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் ‘துவைத்துச் சுத்தமாக அனுப்புகிறேன்’ என்று விற்பவர் அன்போடு சொன்னால், அளந்தது துவைப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்பது நன்றிகெட்டதனம் ஆகாது. பிளவுஸுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. சான்ஃபோர்ட் கிளூயெட் 1930-இல் காப்புரிமை பெற்ற சான்ஃபரைஸ்டு முறை அதையே ஆலையில் செய்வதுதான். அந்தச் சொல் லேபிளில் இருந்தால் மேலும் சுருங்காது என்று நம்பலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் நம் சென்னைப் பெயரைத் தாங்கி, ‘சாயம் போவது உறுதி’ என்பதையே விளம்பரமாக்கி அமெரிக்காவில் விற்ற மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைகள் இப்போது சேகரிப்பாளர்களுக்குள் சுற்றுகின்றன. துவைக்கத் துவைக்கச் சாயம் கலந்து அழகாவதற்கென்றே வாங்கப்பட்ட துணி அது. அத்தனை துவைப்பில் அளவும் மாறியிருக்கும், ஆகவே காலர் பட்டியில் அச்சிட்ட கழுத்தளவை விட்டுவிட்டு, இன்று பித்தான் முனையிலிருந்து காஜா முனை வரை எவ்வளவு என்று அளக்கச் சொல்ல வேண்டும். பழைய பட்டோ இற்றுப்போன நூலில் தைத்த எதுவோ என்றால், பொதுக் கணக்கைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இடம் வேண்டும். புதுத் துணி இறுக்கத்தைத் தாங்கும், இற்றுப்போன துணி முதுகில் கிழிந்துவிடும்.

பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம், எதற்கு இத்தனை பாடு என்பார்கள் சிலர். யாரிடம் எந்த நாட்டிலிருந்து வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வணிகரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. வீட்டு அலமாரியைக் காலி செய்யும் தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. விண்டேஜ் விற்பவர்களில் தனிநபர்களே ஏராளம். அமெரிக்காவில் நாடு தழுவிய அப்படியொரு சட்டமே இல்லை, விற்பவர் வைத்ததுதான் விதி. கடல் தாண்டி வரவழைத்தால் போகவர தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து உடையின் விலையைத் தொட்டுவிடும். தவிர, அந்த உடையைப் போல இன்னொன்று இல்லை. திருப்பி அனுப்பி ஓர் எண் பெரிதாக மாற்றிக் கேட்க முடியாது.

பார்சல் வந்ததும் துவைக்கும் முன் போட்டுப் பாருங்கள், அந்த உடைக்கு என்று நினைத்திருக்கும் உள்ளாடையோடு. ஐம்பதுகளின் கவுன்களில் பலவற்றுக்கு உள்ளே இடுப்பில் ஒரு ரிப்பன் பட்டை தைத்திருக்கும், அதற்குத் தனியாகக் கொக்கி. முதலில் அதை மாட்ட வேண்டும். அந்தப் பட்டை இடுப்பின் இழுவையைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காகவே வைத்தது. அதை மாட்டாமல் ஜிப்பை இழுப்பவர்கள், எல்லா இழுவையையும் எழுபது வயது உலோகப் பல்லின்மேல் ஏற்றுகிறார்கள். பட்டை சிரமமில்லாமல் மாட்டி, ஜிப் மட்டும் பாதியில் சிக்கினால், உடை சிறியதல்ல. ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துப் பல்வரிசையில் மேலும் கீழும் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள்.